மகப்பேறும் மருத்துவச்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பெண் குழந்தை பெறுவதைத் தமிழர் 'பேறு' என்றனர். பெறற்கரிய செல்வத்துக்கும் அதே சொல்லையே வழங்கினர். அத்துடன் நில்லாது, பிள்ளைப்பேறு தாய்க்கு மறுபிறப்பு என்றும் கூறி வைத்தனர். முதற்சொல்லில் மகிழ்ச்சி உண்டு. இரண்டாவதில் அச்சம் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்திருந்த சமுதாயம் நம்முடையது.

இன்று ஜொகூர் பாருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், சூலுற்ற இளம்பெண்கள் சிலர் ஒரு வினாவை எழுப்புகின்றனர். வலி நீக்கும் ஊசியும் மருந்தும் இன்றி, தேர்ந்த மருத்துவச்சி ஒருவரின் துணையோடு இயற்கையாகக் குழந்தை பெறலாகாதா என்பதே அவ்வினா. வீட்டில் உள்ள முதியோர் இருவகையாக விடை கூறுவர். 'தோட்டத்து லயத்தில் பத்துப் பிள்ளை பெற்றோம்; எந்த ஊசியைக் கண்டோம்?' என்பர் ஒரு சாரார். 'பெற்றவர்கள் பேசுகிறார்கள், பேற்றிலே போனவர்கள் பேச வரவில்லையே!' என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்மையே. இவ்விரு உண்மைகளையும் இணைத்துக் காட்ட வல்லது வரலாறு ஒன்றே. ஆதலின், தமிழ்நாட்டிலும் மலாயாத் தோட்டங்களிலும் மேலைநாடுகளிலும் மகப்பேற்றின் வரலாறு சென்ற வழியை நோக்கி, அதன் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்தல் தகும்.

பழங்கதைகள் உணர்த்தும் பாடம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். அப்பெயர் வந்த கதையை அறியாத தமிழாசிரியர் இலர். இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகின்றது. மகளுக்குத் துணையிருக்கப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் கரையைக் கடக்க இயலாது நிற்கின்றாள். அந்நிலையில் இறைவனே தாயின் வடிவில் வந்து அருகிருந்து பேறு பார்க்கின்றான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்த பின்னரே வந்தவர் யார் என்பது புலப்படுகின்றது. இன்றும் பேறுகாலம் இனிது முடியவேண்டி அங்கு வாழைத்தார் படைத்து வழிபடுவோர் உளர்.

பத்தியின் நோக்கில் இக்கதை இறையருளைப் பேசுவது. வரலாற்று நோக்கில் இது வேறு இரண்டையும் பேசுகின்றது. பேற்று வலியில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டுவது துணை என்பது ஒன்று. உதவி வரும் வழி அடைபட்டால் நேரும் ஆபத்து எத்தகையது என்பது மற்றொன்று. துணையும் வழியும் ஆகிய இவ்விரண்டும் இக்கட்டுரை முழுவதும் நம்மைத் தொடர்ந்து வரும்.

பெரியபுராணம் கூறும் கோச்செங்கட் சோழரின் பிறப்பு வேறொரு பாடத்தைத் தருகின்றது. இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை பேரரசனாவான் என்று காலக்கணிதர் கூற, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டிவைக்கச் செய்து பேற்றைத் தாமதிக்கின்றாள். கண் சிவந்த குழந்தை பிறக்கின்றது. தாயோ உயிர் துறக்கின்றாள். அன்னையின் ஈகத்தைப் போற்றுவது புராணத்தின் கருத்து. எனினும், உடலின் போக்குக்கு மாறாகப் புறத்தார் வகுத்த நேரத்துக்குப் பேற்றை வளைத்தால் அதன் விலையைத் தாயே தர நேரும் என்பதும் அக்கதையில் அடங்கியுள்ளது. நல்ல நாளும் நல்ல நேரமும் குறித்து அறுவை மருத்துவத்தால் குழந்தையை எடுக்கக் கேட்கும் இக்காலத்தார் இக்கதையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழ்நாட்டு மருத்துவச்சி

மருத்துவம் பார்ப்பவள் மருத்துவச்சி. தமிழில் பெண்ணைக் குறிக்கும் இம்மருத்துவப் பெயர், பேறு பார்ப்பவளுக்கே உரியதாய் நிலைத்தது. ஊர்தோறும் முடிதிருத்தும் குலத்துப் பெண்களே பெரும்பாலும் இத்தொழிலைச் செய்து வந்தனர். வயிற்றின்மேல் கை வைத்த அளவிலேயே குழந்தையின் தலை எப்பக்கம் உள்ளது என்று கூறும் அறிவு அவர்களிடம் இருந்தது. வலியின்போது இடுப்பைப் பிடித்துவிடவும், பெண்ணை நடக்கவும் குந்தவும் வைக்கவும், அஞ்சும் வேளையில் ஆறுதல் மொழி கூறவும் அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆனால், சமுதாயம் அந்த அறிவுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை. பேற்றைத் தீட்டு என்று ஒதுக்கியது. தீட்டைத் தொடும் கையையும் தாழ்ந்த கை என்று கருதியது. குழந்தை பிறக்கும்வரை 'அம்மா, தாயே' என்று அழைத்தவர்கள், பிறந்த பின்னர்ச் சிறிது நெல்லும் பழஞ்சேலையும் கொடுத்து வாயிலோடு அனுப்பினர். மதிக்கப்படாத தொழிலில் கல்வி எவ்வாறு வளரும்? தாயிடமிருந்து மகள் கண்ணால் கண்டு கற்றதே கல்வியாயிற்று. நல்லது எவ்வாறு தொடர்ந்ததோ, அவ்வாறே தீயதும் தொடர்ந்தது. தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்டதால் குழந்தைகள் இசிவு நோய்க்கு இரையாயின. நஞ்சுக்கொடி பிரியாது குருதி பெருகியபோது செய்வதறியாது அனைவரும் கைபிசைந்து நின்றனர்.

1844ஆம் ஆண்டில் சென்னையில் மகப்பேற்றுக்கென அரசு மருத்துவமனை தோன்றியது. அதுவே இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழ் மாணவர்க்குக் கற்பித்ததோடு, 1857ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவ நூலொன்றையும் தமிழில் பெயர்த்து வழங்கினார். 'பிரசவ வைத்தியம்' என்பது அதன் பெயர். தமிழில் அறிவியல் கூற இயலாது என்போர்க்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அளிக்கப்பட்ட விடை அது.

எனினும் மருத்துவமனையின் கதவு திறந்திருந்தும் பெண்கள் உள்ளே செல்ல இயலாத நிலை நீடித்தது. 1890களில் திண்டிவனத்தில் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. ஒரே இரவில் மூன்று வீட்டார், ஒருவர் பின் ஒருவராக, பேற்றில் துன்புறும் தம் மனைவியர்க்கு உதவி வேண்டி அமெரிக்க மருத்துவர் ஒருவரின் மகளான இளநங்கை ஐடா ஸ்கடரிடம் வந்தனர். அவர் மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக அவர் கூறியும், அயல் ஆடவர் தம் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அதன் பின்னரே ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, மீண்டு வந்து வேலூரில் மருத்துவமனை நிறுவினார். 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அம்மூன்று பெண்களுக்கும் மருத்துவர் அருகிலேயே இருந்தார். தாம் நம்பி ஏற்கத்தக்க துணையாக அவர் அமையவில்லை. முடிவு செய்தவர்களோ அப்பெண்கள் அல்லர். இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

1847ஆம் ஆண்டின் இரு செய்திகள்

மேலைநாட்டு மகப்பேற்று வரலாற்றில் 1847ஆம் ஆண்டு சிறப்பு வாய்ந்தது. அவ்வாண்டில் இரு நகரங்களில் இரு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன.

எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்சன் என்னும் மருத்துவர், பேற்று வலியைத் தணிக்கக் குளோரோபாரம் என்னும் மயக்க மருந்தைப் பயன்படுத்தினார். வேதனையோடு பெறுவதே இயற்கையின் விதி என்று மறுத்தோர் பலர். ஆயினும் 1853ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார், இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது ஜான் சுனோ என்னும் மருத்துவர் அளித்த அம்மருந்தை ஏற்றார். அரசியார் ஏற்றதை ஊர் ஏற்பதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

அதே ஆண்டில் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் வேறொன்றைக் கண்டார். அங்கு மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர்; மற்றதில் மருத்துவச்சியர் பயின்றனர். மாணவர் பகுதியில் பத்துத் தாய்மாருள் ஒருவர் என்னும் அளவில் பேற்றுக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சியர் பகுதியிலோ இறப்பு நூற்றுக்கு நால்வரினும் குறைவு. பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று அவர் தெளிந்தார். குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவ வேண்டும் என்று ஆணையிட்டார். மறு ஆண்டிலேயே இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் என்னும் அளவுக்குத் தாழ்ந்தது. ஆயினும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. மருத்துவனின் கையே கொல்லும் என்பதை ஏற்க அதற்கு மனம் வரவில்லை. 1865ஆம் ஆண்டில் மனநோய் இல்லம் ஒன்றில் அவர் இறந்தார்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். வலியைத் தணித்தல் வேறு; உயிரைக் காத்தல் வேறு. குளோரோபாரம் வலியைத் தணித்தது. தாய்மாரின் இறப்பைக் குறைக்கவில்லை. கை கழுவிய நீர் வலியைத் தணிக்கவில்லை, உயிர்களைக் காத்தது. 'மருந்தில்லாப் பேறு' என்று இன்று பேசுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குகின்றனர். அம்மயக்கமே குழப்பங்களுக்கெல்லாம் வேர்.

பேற்றில் தாயின் உயிரை மெய்யாகவே காத்தவை பின்னர் வந்தன. 1930களின் நடுவில் சல்பா மருந்துகள் பேற்றுக் காய்ச்சலை அடக்கின. 1935ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோமெட்ரின் என்னும் மருந்து, கருப்பையைச் சுருங்கச் செய்து குருதிப் பெருக்கை நிறுத்தியது. குருதி ஏற்றும் முறையும் பெனிசிலினும் தொடர்ந்தன. வீட்டில் பேறு பார்க்கச் செல்லும் பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் பையிலும் எர்கோமெட்ரின் இடம்பெற்றது. எளிய அப்பை காத்த உயிர்கள் எத்தனையோ.

ஜொகூர்த் தோட்டங்களில்

காடு வெட்டி ரப்பர் நட்ட ஜொகூர் மாநிலத்துக்குத் தமிழ்ப் பெண்கள் கங்காணியின் பின்னே வந்தனர். வீட்டைத் துறந்தனர், ஊரைத் துறந்தனர், தாயையும் பாட்டியையும் துறந்தனர். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் கடலுக்கு இப்பால் எவ்வாறு கைகூடும்? இரத்தினாவதியின் தாய்க்குக் காவிரி குறுக்கே நின்றது. இப்பெண்களின் தாய்மார்க்கு வங்கக் கடலே குறுக்கே நின்றது.

இக்குறையை நிரப்பியவள் தோட்டத்து மருத்துவச்சி. அவளும் பால்மரம் சீவியவளே, களை பிடுங்கியவளே. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் விளக்கோடு புறப்படுவாள். விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பாள். வெந்நீரும் பழந்துணியும் விளக்கெண்ணெயும் அவளுடைய கருவிகள். பேற்றுக்குப் பின் காயமும் லேகியமும் கிண்டிக் கொடுப்பாள், பத்தியம் காப்பாள், குழந்தையைக் கால்மீது இட்டு நீராட்டுவாள். தாய் மீண்டும் வேலைக்குச் சென்றபின் குழந்தை ஆயாக் கொட்டகையில் வளரும். இம்மருத்துவச்சியரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் கையில் பிறந்தவர்கள் மட்டும் நாடெங்கும் உள்ளனர்.

ஆயினும், தோட்டத்துத் தாய்க்கு இரு பகைகள் இருந்தன. மலேரியாக் காய்ச்சல் ஒன்று; கொக்கிப்புழு மற்றொன்று. இரண்டும் உடலின் குருதியைக் குறைப்பவை. குருதி குன்றிய பெண்ணுக்குப் பேற்றின்போது ஏற்படும் சிறு இழப்பும் பேரிழப்பாகும். எவ்வளவு கைதேர்ந்த மருத்துவச்சியாயினும் குன்றிய குருதியை ஊட்ட வல்லவள் அல்லள். அவ்வேளையில் வேண்டியது மருத்துவமனை. தோட்டங்கள் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று சட்டம் கூறிற்று. பல இடங்களில் அவ்வசதி என்பது ஒரு டிரசரும் சில புட்டிகளுமாகவே இருந்தது. நகரத்துக்குச் செல்லச் செம்மண் சாலையும் தோட்டத்து லோரியும் வேண்டும். லோரிக்குத் துரையின் இசைவு வேண்டும். மழைக்காலத்தில் சாலையும் இராது.

ஜொகூர் நீரிணைக்கு அப்பாலிருந்த சிங்கப்பூர் இத்துறையில் முந்திச் சென்றது. 1915ஆம் ஆண்டிலேயே நீரிணைக் குடியேற்றங்களில் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. 1924ஆம் ஆண்டில் கண்டாங் கெர்பாவில் இலவச மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலமும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே மிகுதியான எண்ணிக்கை என்று அது பெயர் பெற்றது. இப்பால், இன்று சுல்தானா அமினா மருத்துவமனை என வழங்கும் ஜொகூர் பாருப் பொது மருத்துவமனையின் பெருங்கட்டடம் இரண்டாம் உலகப் போரையொட்டி எழுந்தது. நகரத்துப் பெண்களுக்கு வழி திறந்தது. தோட்டத்துப் பெண்களுக்கோ வழி நெடுந்தொலைவாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின்

1950ஆம் ஆண்டில் மலாயாவில் உயிருடன் பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் என்னும் வீதத்தில் பேற்றை ஒட்டி உயிரிழந்தனர். விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் அது 280 அளவுக்குத் தாழ்ந்தது. 1990களில் 50க்கும் கீழே வந்தது. உலக நாடுகள் வியந்து நோக்கிய முன்னேற்றம் இது. மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு உலக வங்கி 2003ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டது.

இம்முன்னேற்றம் பெரிய மருத்துவமனைகளால் மட்டும் விளைந்ததன்று. கெடா மாநிலத்து ஜித்ராவில் 1950களின் தொடக்கத்தில் நாட்டுப்புறச் சுகாதாரப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 2,000 மக்களுக்கு ஒரு மருத்துவச்சி என்னும் கணக்கில், குடியிருப்போடு கூடிய சிற்றகங்கள் நாடெங்கும் எழுந்தன. அரசு மருத்துவச்சியர் மிதிவண்டியிலும் படகிலும் சென்று வீடுகளிலேயே பேறு பார்த்தனர். அவர்கள் பின்னே சுகாதார நிலையமும், அதன் பின்னே மாவட்ட மருத்துவமனையும், அதன் பின்னே பொது மருத்துவமனையும் நின்றன. இடர் நேர்ந்தால் அனுப்புவதற்கு இடம் இருந்தது. ஏற்றிச் செல்ல வண்டியும் இருந்தது.

மலாய்க் கிராமங்களில் பீடான் எனப்பட்ட மரபுவழி மருத்துவச்சியரை அரசு பகைத்து ஒதுக்கவில்லை. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சியர் சட்டம், பதிவு பெறாதோர் இத்தொழில் புரிவதைத் தடுத்தது. எனினும் நெடுநாள் தொழில் செய்து வந்தோர் பதிவு பெற வழியும் வைத்தது. அவர்களுக்குத் தூய கருவிகளும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. எந்த நிலையில் தாமே பார்க்கலாம், எந்த நிலையில் உடனே அரசு மருத்துவச்சியை அழைக்க வேண்டும் என்பது கற்பிக்கப்பட்டது. அவள் மக்களின் நம்பிக்கையைக் கொண்டு வந்தாள். இவள் கல்வியைக் கொண்டு வந்தாள். இரு கைகளும் இணைந்து தாயைத் தாங்கின.

இவ்விடத்தில் ஒரு குறையையும் கூறியாக வேண்டும். அரசின் நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டம் கிராமங்களை நோக்கியே வகுக்கப்பட்டது. தோட்டம் தனியார் உடைமை என்பதால், தோட்டத்துத் தமிழ்த் தாய்மாரின் நலம் பெரிதும் முதலாளியின் பொறுப்பிலேயே விடப்பட்டது. அருகிலிருந்த கிராமத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி இருந்தும், லயத்துப் பெண் பழைய நிலையிலேயே இருந்த இடங்கள் உண்டு. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் போக, தமிழர் குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், உலு திராம் எனப் பரவின. அரசு சிகிச்சையகங்களின் வாயில் அப்போதுதான் பலருக்கும் அருகில் வந்தது.

1980களின் இறுதியில் சூலுற்ற பெண்களை நிற அடையாளத்தால் பகுக்கும் முறை மலேசியாவில் வந்தது. இடர் மிகவும் குறைந்தவர்க்கு வெள்ளை. சிகிச்சையக மருத்துவர் காண வேண்டியவர்க்குப் பச்சை. மருத்துவமனை வல்லுநர் காண வேண்டியவர்க்கு மஞ்சள். உடனே மருத்துவமனை சேரவேண்டியவர்க்குச் சிவப்பு. பயிற்சி பெற்ற தாதியர் ஒவ்வொரு வருகையிலும் இதனைக் கணித்துத் தாய்சேய்ப் பதிவேட்டில் இடுவர். 1991ஆம் ஆண்டு முதல், பேற்றில் இறந்த ஒவ்வொரு தாயின் இறப்பும், யாரையும் தண்டிக்கும் நோக்கமின்றி, இனி நேராதிருக்கும் பொருட்டு ஆராயப்பட்டது.

இயற்கைப் பேறு என்னும் இயக்கம்

மருத்துவமனை உயிரைக் காத்தது. ஆனால், அங்கு சென்ற பெண் சிலவற்றை இழந்தாள். துணைக்கு இருந்த தாயும் கணவரும் வாயிலில் நிறுத்தப்பட்டனர். நடந்தும் குந்தியும் பெற்றவள் மல்லாந்து படுக்க வைக்கப்பட்டாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோன்றிய 'அந்தி உறக்கம்' என்னும் முறையில், பெண்ணுக்குத் தான் பெற்றதே நினைவில் இல்லாது போயிற்று.

இதற்கு எதிர்க்குரல் மருத்துவர்களிடமிருந்தே எழுந்தது. இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்-ரீட் 1933ஆம் ஆண்டில் இயற்கைப் பேறு பற்றிய நூலை எழுதினார். அச்சம் உடலை இறுக்குகின்றது. இறுக்கம் வலியைப் பெருக்குகின்றது. வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கின்றது என்பது அவர் கொள்கை. பிரான்சில் பெர்னான் லமாசு, 1951ஆம் ஆண்டில் சோவியத் நாட்டில் தாம் கண்ட முறையைத் தழுவி, மூச்சுப் பயிற்சியும் மனப் பயிற்சியும் கொண்ட வழியை வகுத்தார். நம் மருத்துவச்சியர் இடுப்பைப் பிடித்துவிட்டு ஆறுதல் கூறியதன் பயனை அறிவியல் காலம் கடந்து உணர்ந்தது எனலாம்.

புதிய ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்கின. 17,000க்கும் மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கிய 15 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் ஆய்வுரை, சூல்காலம் முதல் தொடர்ந்து மருத்துவச்சியரின் பொறுப்பில் இருந்த பெண்களுக்கு முதுகுத்தண்டு வழி மருந்தும் ஆயுதப் பேறும் குறைவாகவே தேவைப்பட்டன என்று காட்டியது. 2018ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், பெண் விரும்பும் துணைவர் ஒருவர் பேற்றின்போது அருகிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வலி தணிக்கும் மருந்தைக் கேட்கும் பெண்ணுக்கு அது தரப்படவேண்டும் என்றும் கூறியது. தமிழ்நாட்டிலோ 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை மருத்துவத்தால் நிகழ்ந்தன. மருத்துவமனையைச் சேர்ந்த தாய்க்கு மருத்துவச்சியின் பொறுமை கிட்டவில்லையோ என்னும் ஐயத்தை இவ்வெண் எழுப்புகின்றது.

ஆனால், மறுபக்கமும் உண்டு. 2011ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்து ஆய்வு, இடர் குறைந்த பெண்களையே எடுத்துக்கொண்டது. முன்னரே பெற்றவர்க்கு, வீட்டில் பெறத் திட்டமிட்டதால் குழந்தைக்குக் கேடு மிகவில்லை. தலைப்பேற்றுப் பெண்களுக்கோ மிகுந்தது: மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5 அளவில் இருந்த கேடு வீட்டில் 9ஐத் தாண்டியது. அப்பெண்களுள் நூற்றுக்கு 45 பேர் இடையிலேயே மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். பயிற்சி மிக்க மருத்துவச்சியரும் விரைவு வண்டிகளும் உள்ள நாட்டிலேயே இந்நிலை. 2018ஆம் ஆண்டில் திருப்பூரில், தேர்ந்த துணை எதுவுமின்றி வீட்டில் பெற முயன்ற இளந்தாய் ஒருவர் குருதிப் பெருக்கால் இறந்தார். மருத்துவச்சியோடு பெறுதல் வேறு, மருத்துவச்சியின்றிப் பெறுதல் வேறு என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

முடிவு செய்தல்

இவ்வரலாற்றைக் கைக்கொண்டு, ஜொகூர் பாருப் பெண்ணின் வினாவுக்குத் திரும்பலாம்.

முதலாவதாக, அவள் வேண்டாம் என்பது எந்த மருந்தை என்பது தெளிவாதல் வேண்டும். வலி தணிக்கும் பெத்திடின் குழந்தையின் மூச்சைச் சிறிது மந்தமாக்கக்கூடும்; முதுகுத்தண்டு வழி மருந்து வலியை நன்கு நீக்கினும் பேற்றின் இறுதிக் கட்டத்தை நீட்டக்கூடும். இவற்றை வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. குருதிப் பெருக்கைத் தடுக்கும் ஊசியோ இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதனை மறுப்பது வலியைத் தாங்கும் வீரமன்று. காவலைத் துறக்கும் செயல்.

இரண்டாவதாக, துணை யார் என்பது ஆராயத்தக்கது. அவர் பதிவு பெற்றவரா? எத்தகைய பயிற்சி உடையவர்? குருதிப் பெருக்கையும் மூச்சற்ற குழந்தையையும் எதிர்கொள்ளும் மருந்தும் கருவியும் அவரிடம் உண்டா? தம் எல்லையை அறிந்தவரா? எல்லையை அறிதலே நல்ல மருத்துவச்சியின் முதல் இலக்கணம்.

மூன்றாவதாக, வழி திறந்துள்ளதா என்று காணவேண்டும். முன்பு காவிரியும் கடலும் செம்மண் சாலையும் குறுக்கே நின்றன. இன்று மாலை வேளையில் தெப்ராவ் நெடுஞ்சாலையில் நகராது நிற்கும் வண்டி வரிசையும் ஒரு வெள்ளமே. 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூரில் மெய்யாகவே பெருகிய வெள்ளத்தை யாரும் மறந்திலர். குருதி பெருகும் தாய்க்கு நிமிடங்களே கணக்கு. அரசு மருத்துவமனையிலோ அதனை ஒட்டிய பேற்று மையத்திலோ, மருத்துவச்சியின் துணையோடு, வலி மருந்து இன்றிப் பெறுவதும் இயற்கைப் பேறே. வீட்டுக் கூரை அதற்கு இன்றியமையாததன்று.

நான்காவதாக, பதிவேட்டில் உள்ள நிறத்தை மதித்தல் வேண்டும். வெள்ளை மஞ்சளாக மாறினால் திட்டமும் மாறவேண்டும். பேற்றின் நடுவில், வலி தாங்க இயலவில்லை, மருந்து வேண்டும் என்று அவள் கேட்டால் அது தோல்வியன்று. விரதம் எடுத்தவளை நோக்குவதுபோல் அவளை நோக்குவது தகாது. அறுவையால் பெற்றவளை, முழுப்பேறு பெறாதவள் என்று பேசும் நாவும் அடங்குதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முடிவு அவளுடையதாதல் வேண்டும். திண்டிவனத்தில் அன்று முடிவு செய்தோர் ஆடவர். தோட்டத்தில் முடிவு செய்தது வறுமையும் தொலைவும். மருந்தின்றிப் பெற்ற நம் பாட்டிமார் அதனைத் தேர்ந்து பெற்றவர் அல்லர். வேறு வழியின்றிப் பெற்றவர். அவர்களின் மன வலிமை வணங்கத்தக்கது. அவர்கள் இருந்த நிலையோ மீண்டும் விரும்பத்தக்கதன்று. தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களின் பேத்திக்குக் கிட்டியுள்ளது. அவ்வுரிமையைத் தந்தது, கை கழுவக் கற்ற மருத்துவரும், பையில் மருந்தோடு படகேறிய மருத்துவச்சியும், இறந்த ஒவ்வொரு தாய்க்கும் காரணம் தேடிய நாடும் இணைந்து நூறாண்டு உழைத்த உழைப்பே ஆகும்.

தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் மாணவியர் நாளைய தாய்மார். மாணவர் நாளைய துணைவர். சோழர் ஆட்சியையும் மலாக்காப் பேரரசையும் கற்கும் அவர்கள், தம்மை இவ்வுலகுக்குக் கொண்டுவந்த கைகளின் வரலாற்றையும் கற்றல் வேண்டும். இல்லத்து முதிய பெண்டிரிடம் கேட்டால், தோட்டத்து மருத்துவச்சி ஒருத்தியின் பெயர் இன்னும் கிடைக்கும். அதனை ஓர் ஏட்டில் எழுதி வைத்தல், நாம் அவளுக்கு நெடுநாளாகத் தரவேண்டியிருக்கும் கூலியில் ஒரு சிறு பகுதியாகும்.